சிக்கிக்கிட்ட பாத்டப் டைவர்ட்டர்: பெங்களூர் ஃபிளாட் ஒண்ணுல நடந்தது, ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த வீடு, யார் யாரு

இது நடந்தது 2024 பிப்ரவரி கடைசியில ஆரம்பிச்சு ஏப்ரல் நடுவு வரைக்கும், பெங்களூர்ல கக்கதாசபுரா பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்ட்ல. கட்டி 18 வருஷம் கிட்ட ஆச்சு, நாலு மாடி, 16 வீடு. நானும் அதே பில்டிங்தான். ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல இருந்தவன்ங்கிறதால அசோசியேஷன்ல மோட்டார், சம்ப், டேங்கர் கணக்கு எல்லாம் என் தலையில கட்டிட்டாங்க. அதனாலதான் இந்த விஷயம் முழுசா என் கண்ணு முன்னாடி நடந்துச்சு, சில தப்புல எனக்கும் பங்கு இருக்கு, அதையும் எழுதுறேன்.

வீடு மூணாவது மாடி. வாடகைக்கு இருக்கிறது வேலூர் பக்கத்து குடும்பம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க, கூட அவரோட அம்மா, 70 தாண்டினவங்க. ஓனர் கோயம்புத்தூர்ல. பில்டிங் கட்டுன காலத்துல வெளிநாட்டு கம்பெனி ஆளுங்க வாடகைக்கு வருவாங்கன்னு நினைச்சு ஓனர் பெரிய பாத்ரூம்ல ஒரு அக்ரிலிக் பாத்டப் போட்டு வச்சிருந்தாரு. இப்ப யாரும் அதுல படுத்து குளிக்கிறது இல்ல. உள்ள நின்னு ஷவர்ல குளிப்பாங்க, தண்ணி வராத நாளுக்கு அடைப்பான போட்டு ரொப்பி வச்சுக்குவாங்க. அந்த அம்மா அதை தொட்டின்னுதான் சொல்லுவாங்க, அந்த வீட்டுல அது உண்மையிலேயே தொட்டிதான்.

அமைப்பு எப்படின்னா, சுவத்துல வெந்நீருக்கு ஒரு திருப்பி (கையால திருகுற வால்வு), பச்சத்தண்ணிக்கு ஒரு திருப்பி, ரெண்டும் உள்ள ஒண்ணா சேர்ந்து ஒரு லைன் கீழ தொட்டிக்குள்ள தண்ணி கொட்டுற மூக்குக்கு, அதாவது ஸ்பவுட்டுக்கு, ஒரு லைன் மேல ஷவருக்கு. ஸ்பவுட்டோட மூக்குல ஒரு சின்ன குமிழ். குமிழ தூக்குனா உள்ள இருக்கிற ரப்பர் வச்ச ஒரு தட்டு வந்து ஸ்பவுட் வழிய அடைக்கும், போறதுக்கு வழி இல்லாம தண்ணி மேல ஏறி ஷவர்ல கொட்டும். தண்ணியோட அழுத்தமே அந்த தட்ட பிடிச்சு நிறுத்தும், டேப்ப மூடுனதும் அழுத்தம் போய் தானா கீழ விழுந்துடும். இவ்வளவுதான் டைவர்ட்டர். அபார்ட்மென்ட்ல அழுத்தம் எல்லாம் மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்றதுதான், 10 மீட்டர் உயரத்துக்கு சுமார் 1 பார், இந்த வீட்டுக்கு டேங்க் தண்ணி மட்டம் 6 மீட்டர் மேல இருக்கலாம், அப்ப 0.6 பார். அதிகம் இல்ல.

முதல்ல என்ன பாத்தாங்க

பிப்ரவரி கடைசியில ஷவர் சரியா வரலன்னு சொன்னாங்க. குமிழ தூக்கி விட்டா பாதியில நிக்குது, மேலயும் போகல கீழயும் வரல. ஷவர்ல கொஞ்சம், ஸ்பவுட்ல கொஞ்சம், ரெண்டு பக்கமும் தண்ணி.

சாதாரண வருஷமா இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா 2024 மார்ச்ல பெங்களூர் எப்படி இருந்துச்சுன்னு இங்க இருந்தவங்களுக்கு தெரியும். போர்வெல் வத்திப்போச்சு, காவேரி எங்க லைன்ல வாரத்துக்கு ரெண்டு நாள், மீதி டேங்கர். குடிநீர்ல கார் கழுவுனா 5000 ரூபா ஃபைன்னு குடிநீர் வாரியம் அறிவிச்சிருந்தது. டேங்கர் விலைக்கு ஜில்லா நிர்வாகம் உச்ச வரம்பு வச்சுது, 5 கிலோமீட்டருக்குள்ளன்னா 12,000 லிட்டர் 1000 ரூபா, ஜிஎஸ்டி தனி. அந்த விலைக்கு யாரு கொடுத்தாங்கங்கிறது வேற கதை.

மார்ச் 10 ஞாயித்துக்கிழமை நான் போய் பாத்தேன். குமிழ தூக்கி வச்சு, ஸ்பவுட்டுக்கு கீழ 1 லிட்டர் மக் வச்சு நேரம் பாத்தோம், 15 செகண்ட்ல ரொம்பிருச்சு, அதாவது நிமிஷத்துக்கு 4 லிட்டர் வீணா தொட்டி ஓட்டைக்கு போகுது. ஷவருக்கு கீழ பக்கெட் வச்சா அதுவும் நிமிஷத்துக்கு 4 லிட்டர்தான். ரெண்டு பேரு ஆளுக்கு 10 நிமிஷம் குளிச்சா ஒரு நாளைக்கு 80 லிட்டர், மாசத்துக்கு 2400 லிட்டர், அறிவிச்ச விலையிலயே பாத்தாலும் 200 ரூபா தண்ணி. காசு பெருசு இல்ல, தண்ணிதான் பெருசு.

ஷவர் தலைய கழட்டி பாத்தா ஓட்டையில பாதிக்கு மேல உப்பு அடைச்சிருந்துச்சு. இது முக்கியம், ஏன்னா மேல வழி அடைபட்டா தண்ணி கீழ இருக்கிற சின்ன இடுக்குல முட்டிக்கிட்டு வெளிய வரும், ஸ்பவுட் ஒழுகுறது மோசமா தெரியும். ஷவர் தலைய சிட்ரிக் ஆசிட் கரைச்ச வெந்நீர்ல ஒரு மணி நேரம் போட்டு ஊசியில குத்தி சுத்தம் பண்ணி மாட்டுனோம். திரும்ப அளந்தா ஸ்பவுட் 3 லிட்டர், ஷவர் 5 லிட்டர். குத்தத்துல கால்வாசி டைவர்ட்டரோடது இல்ல, ஷவரோடதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. டைவர்ட்டர் ஒழுகுதுன்னு சொல்றவங்க வீட்டுக்கு போனா நான் இப்ப முதல்ல ஷவர் தலையத்தான் கழட்ட சொல்றேன்.

உப்பு ஏன் இவ்வளவு? எங்க சம்ப்ல டேங்கர் தண்ணியோட கடினத்தன்மைய சொட்டு சொட்டா மருந்து விட்டு பாக்குற டெஸ்ட் கிட்ல பாத்தப்ப லிட்டருக்கு 480 மில்லிகிராம் வந்துச்சு. குடிநீருக்கான ஐஎஸ் 10500ல 200 வரைக்கும் நல்லது, வேற தண்ணி இல்லன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருக்கு. அதுவும் கீசர்ல சூடு பண்ணும்போது தண்ணில கரைஞ்சிருக்கிற பைகார்பனேட் பிரிஞ்சு கார்பன் டை ஆக்சைடு வெளிய போய் சுண்ணாம்பா படியும். தொட்டி ஸ்பவுட் வழியா தினமும் வெந்நீர் கலந்து போறதால, பச்சத்தண்ணி மட்டும் வர்ற டேப்ப விட இங்க சீக்கிரம் படியுது.

வினிகரும் கட்டிங் பிளேயரும்

மார்ச் 16 ராத்திரி ஒரு பாலித்தீன் கவர்ல வெள்ளை வினிகர் ஊத்தி ஸ்பவுட் மூக்கு முங்குற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு கட்டுனோம். காலையில கழட்டி கழுவி, குமிழ மெதுவா மேல கீழ ஆட்டுனா நல்லா நகர்ந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். நாலஞ்சு நாள்தான், மார்ச் 21 வியாழக்கிழமை திரும்ப பாதியில நின்னுருச்சு.

ஏன்னு பின்னாடி பழைய ஸ்பவுட்ட கையில வச்சு பாத்தப்ப புரிஞ்சுது. வினிகர் சுண்ணாம்ப கரைச்சுது, சரி. ஆனா உள்ள இருந்த ரப்பர் வாஷர் ஊதி உப்பி ஓரம் பிஞ்சு போயிருந்துச்சு, குமிழோட தண்டு ஓடுற குழி கோணலா தேஞ்சிருந்துச்சு. சுண்ணாம்பு போனாலும் தட்டு நேரா உக்காராது. வினிகர்ல சரியாகி ஒரு வாரத்துக்குள்ள திரும்ப சிக்குச்சுன்னா அது உப்பு பிரச்சனை இல்ல, பார்ட் தேஞ்சு போச்சுன்னு எடுத்துக்கலாம். அப்ப எனக்கு இது தோணல, இன்னொரு தடவை வினிகர் போடலாம்னுதான் சொன்னேன்.

அந்த வீட்டுல வாடகைக்கு இருக்கிறவருக்கு பொறுமை இல்ல. மார்ச் 23 சனிக்கிழமை கட்டிங் பிளேயரால குமிழ பிடிச்சு இழுத்திருக்காரு. குமிழ் தண்டோட உடைஞ்சு கையில வந்துருச்சு, உள்ள தட்டு மூடுன நிலைமையில சிக்கிக்கிச்சு. இனிமே டேப்ப திறந்தா தண்ணி முழுக்க ஷவர்லதான், ஸ்பவுட்ல ஒரு சொட்டு கூட இல்ல.

ஷவர்தானே வேணும், வந்துருச்சேன்னு அவங்க விட்டுட்டாங்க. மூணு நாள் கழிச்சு மார்ச் 26 காலையில அந்த அம்மா கால் கழுவ குனிஞ்சு பழக்கத்துல வெந்நீர் திருப்பிய திறந்திருக்காங்க. எப்பவும் கீழ வர்ற தண்ணி மேல இருந்து தலை முதுகுல கொட்டிருச்சு. லைன்ல நின்ன பச்சத்தண்ணி முதல்ல வந்ததால சட்டுன்னு நகர்ந்துட்டாங்க, தோள்ல மட்டும் லேசா சிவந்துச்சு, பெருசா ஒண்ணும் ஆகல. கீசர் சூடு கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருந்தாங்க. ஈர தொட்டிக்குள்ள பதறி கால் வழுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அந்த அம்மாவோட மருமக என்கிட்ட சொல்லும்போது குரலே மாறிப்போச்சு. அன்னைக்கே கீசர் சூட்ட பாதிக்கு இறக்கிட்டு, ஸ்பவுட்ட மாத்திடலாம்னு முடிவாச்சு.

முதல் முடிவும் அதுல விட்ட தப்பும்

ஓனருக்கு போன் போட்டாங்க. "நீங்களே ஆள வச்சு மாத்திக்கோங்க சார், பில்ல அனுப்புங்க, வாடகையில கழிச்சுக்கலாம்"னாரு. உள்ள இருக்கிற தட்ட மட்டும் மாத்த முடியுமான்னு ஹார்டுவேர் கடையில கேட்டதுக்கு, இந்த மாதிரி ஸ்பவுட்ல உள் சாமான் தனியா கிடைக்காது, முழுசாதான் மாத்தணும்னாங்க. குமிழ் இல்லாத வெறும் ஸ்பவுட் போட்டா ஷவரே வராது, ஸ்பவுட்ட எடுத்துட்டு டம்மி (குழாய் வாய அடைக்கிற மூடி) அடிச்சா தொட்டி ரொப்ப முடியாது, அந்த அம்மாவுக்கு திரும்ப அதே ஆபத்து. அதனால டைவர்ட்டர் வச்ச புது ஸ்பவுட்டே போடலாம்னு முடிவு.

அந்த சமயத்துல பிளம்பர் கிடைக்கிறது கஷ்டம். அபார்ட்மென்ட், ஹோட்டல் எல்லாத்துலயும் டேப்புல ஏரேட்டர் (தண்ணி செலவ குறைக்கிற சல்லடை மூடி) போட சொல்லி வாரியம் சொல்லியிருந்ததால ஊர்ல இருக்கிற பிளம்பர் எல்லாம் அதுலயே ஓடிக்கிட்டிருந்தாங்க. மார்ச் 30 சனிக்கிழமை ஒரு பையன் வந்தான். அவன் முதல்ல கேட்டது மொட்டை மாடி கேட் வால்வ மூடணும்னு. அந்த வால்வ மூடுனா நாலு வீட்டு பாத்ரூமுக்கு தண்ணி போகாது, எல்லாரையும் கேக்கணும், அதுலயே ரெண்டு மணி நேரம் போச்சு.

இங்க ஒரு விஷயம் எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். ஸ்பவுட் லைன் சுவத்துல இருக்கிற ரெண்டு திருப்பிக்கும் அப்புறம்தான் வருது. திருப்பிங்க ரெண்டும் சரியா மூடுதுன்னா ஸ்பவுட் லைன்ல அழுத்தமே இருக்காது, கழட்டுனா குழாய்ல நின்ன தண்ணி கொஞ்சம் வழியும், அவ்வளவுதான். திருப்பியவே மாத்துறதா இருந்தாதான் மேல வால்வ மூடணும். அந்த ரெண்டு மணி நேரத்தை வால்வுக்கு செலவழிச்சதுக்கு பதிலா ஸ்பவுட்ட நல்லா பாத்திருக்கலாம்.

பையன் ஸ்பவுட்டுக்கு அடியில ஆலன் ஸ்க்ரூ (ஆறு பக்க குழி வச்ச திருகு) இருக்கான்னு தடவி பாத்தான், இல்ல, அப்ப மரை போட்ட ஸ்பவுட், இடப்பக்கம் திருப்பி எடுக்கணும். இது வரைக்கும் சரி. ஆனா ஸ்பவுட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல 18 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒயிட் சிமென்ட் சுத்தி அப்பி வச்சிருந்தாங்க. அதை சுரண்டாம, எண்ணெய் விடாம, நேரா பைப் ரிஞ்ச மாட்டி மிதிக்காத குறையா ஒரு அழுத்து அழுத்துனான். நானும் பக்கத்துலதான் நின்னேன், "சும்மா திருகுனா வந்துடும், ஈசியான வேலை"ன்னு சொன்னதும் நான்தான். ஸ்பவுட் கால் சுத்து நகர்ந்துச்சு, உள்ள டக்குன்னு ஒரு சத்தம். மரை இளகுற சத்தம் அது இல்ல, ஏதோ உடையிற சத்தம். ஃபேக்டரியில போல்ட் தலை அறுந்து போற சத்தத்தை கேட்டவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

நிறுத்த சொன்னேன். பையனுக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு, ஸ்பவுட்ட கையால திரும்ப இறுக்கி வச்சுட்டு, நாளைக்கு வர்றேன்னு 400 ரூபா வாங்கிட்டு போனான், வரல. அவன மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அவசரப்படுத்துனதுல எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனா அதுக்கப்புறம் செஞ்சதுதான் பெரிய தப்பு: உடையிற சத்தம் கேட்ட பிறகும் அந்த பாத்ரூம பூட்டாம, மேல வால்வ திறந்து விட்டு, ராத்திரி ரெண்டு பேரும் அங்கயே குளிச்சாங்க. வேணாம்னு சொல்லணும்னு எனக்கும் தோணல.

கீழ் வீட்டு சீலிங்

மார்ச் 31 காலையில ரெண்டாவது மாடி அக்கா மேல ஏறி வந்து "உங்க பாத்ரூம்ல இருந்து எங்க சீலிங்ல தண்ணி சொட்டுதுங்க"ன்னாங்க. போய் பாத்தா ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம், நடுவுல சொட்டு. அரை மணி நேரம் நின்னு பாத்தோம், சொட்டு குறைஞ்சு நின்னே போச்சு. மேல ஒரு பக்கெட் தண்ணிய நேரா தொட்டி ஓட்டையில ஊத்துனோம், கீழ சொட்டு வரல, அப்ப டிரெயின் லைன் நல்லா இருக்கு. அடுத்து ஷவர மூணு நிமிஷம் திறந்து தண்ணிய பக்கெட்லயே பிடிச்சோம், பத்து நிமிஷத்துல சொட்டு ஆரம்பிச்சுது.

குளிக்கும்போது மட்டும் சொட்டுச்சுன்னா லீக் திருப்பிக்கு அப்புறம் இருக்கிற லைன்ல. எப்பவும் சொட்டுச்சுன்னா திருப்பிக்கு முன்னாடி. இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சதால சுவர் முழுக்க உடைக்காம தப்பிச்சோம். ஒழுகுற இடம் ஸ்பவுட் சேர்ற எல்போ, அதாவது வளைவான இணைப்புதான்னு கிட்டத்தட்ட உறுதியாச்சு. அன்னையில இருந்து அந்த பாத்ரூம்ல குளிக்கிறத நிறுத்தி, இன்னொரு சின்ன பாத்ரூம்ல பக்கெட் குளியல். கீழ் வீட்டு அக்காகிட்ட நடந்தத மறைக்காம சொன்னோம், பெயின்ட் செலவு மேல் வீட்டுக்காரங்க பொறுப்புன்னும் சொன்னோம், அதனால சண்டை வரல. அந்த அக்கா அதுக்கப்புறம் தினமும் போட்டோ எடுத்து அனுப்புனது ரொம்ப உதவுச்சு, ஈரம் பரவலன்னு தெரிஞ்சுக்கிட்டே இருந்தோம்.

ரெண்டாவது பிளம்பர்

ஏப்ரல் 6 சனிக்கிழமை வேற ஒருத்தர் வந்தாரு. ஒடிசாவுல கேந்த்ராபாரா பக்கம், இந்தியா முழுக்க பிளம்பர் வேலைக்கு போறவங்க நிறைய இருக்கிற ஊரு அது. பெங்களூர்ல வருஷக்கணக்கா இருக்காரு, கன்னடமும் அரைகுறை தமிழும் பேசுவாரு. வந்ததும் ரிஞ்ச எடுக்கல, ஸ்பவுட்ட கையால லேசா ஆட்டி பாத்துட்டு "அண்ணா, உள்ள நிப்பிள் போச்சு, ஒரு டைல்ஸ் போகும், சரியா?"ன்னு கேட்டாரு. நிப்பிள்னா ரெண்டு முனையிலயும் மரை வச்ச சின்ன குழாய். டைல்ஸ் போகும்னு முதல்லயே சொன்னதுக்காகவே எனக்கு அவர் மேல நம்பிக்கை வந்துருச்சு.

முதல்ல ஒயிட் சிமென்ட்ட உளியால சுத்தி சுரண்டி எடுத்தாரு. ஸ்பவுட் கையாலயே சுத்தி வந்துருச்சு, கூடவே பித்தளை நிப்பிளோட முக்கால்வாசி துண்டு. மீதி ஒரு வளையம் சுவத்துக்குள்ள ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) எல்போவோட மரையிலயே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பித்தளையும் ஜிஐயும் ஈரத்துல வருஷக்கணக்கா ஒட்டியிருந்தா ஜிஐ பக்கம் துருப்பிடிச்சு ரெண்டும் ஒண்ணா பிடிச்சுக்கும். ரிஞ்ச வச்சு திருகுன பலம் எல்லாம் நிப்பிளோட மெல்லிசான இடத்துல இறங்கி அங்க அறுந்துருச்சு. அறுந்த இடுக்கு வழியா தண்ணி எல்போவுக்கு பின்னாடி வழிஞ்சு கீழ் வீட்டுக்கு போயிருக்கு.

டைல்ஸ்ல அந்த ஓட்டைய சுத்தி நாலு இஞ்சுக்கு கிரைண்டர்ல கட்டம் போட்டு எடுத்தாரு, எல்போ கண்ணுக்கு தெரிஞ்சுது. வெடிப்பு இருந்தா எல்போவும் மாத்தணும், அப்ப ஜிஐ லைன்ல இன்னும் உள்ள போகணும். டார்ச் அடிச்சு, கம்பி பிரஷ்ல துரு தட்டி, பழைய துணியால துடைச்சு பாத்தோம், எல்போ நல்லா இருந்துச்சு. அந்த நாள்ல எங்களுக்கு கிடைச்ச ஒரே அதிர்ஷ்டம்.

உள்ள மாட்டுன பித்தளை வளையத்தை எடுத்த விதம்தான் பாக்க வேண்டியது. ஆக்ஸா பிளேட்ட ஃபிரேம்ல இருந்து கழட்டி, ஒரு முனையில துணி சுத்தி பிடிச்சுக்கிட்டு, வளையத்தோட உள்பக்கம் ரெண்டு இடத்துல மெதுவா அறுத்தாரு. எல்போ மரைய தொடுறதுக்கு முன்னாடி நிறுத்தணும், பித்தளை தூள் மஞ்சளா வர்ற வரைக்கும் அறுக்கலாம், கருப்பா வந்தா ஜிஐய தொட்டுருச்சுன்னு அர்த்தம்னு சொல்லிக்கிட்டே செஞ்சாரு. அப்புறம் சின்ன உளியால அந்த துண்ட உள்பக்கமா மடக்குனதும் வளையம் தளர்ந்து வந்துருச்சு. நாப்பது நிமிஷ வேலை. முதல் நாள் ரிஞ்ச போட்டது நாப்பது செகண்ட் இருக்குமா?

புது நிப்பிள வெறுமனே கையால ரெண்டு தடவை சுத்தி ஏத்தி இறக்கி பாத்து, மரை சரியா ஏறுதுன்னு உறுதி பண்ணிட்டு, டெஃப்லான் டேப் பத்து பன்னெண்டு சுத்து இறுக்கும் திசையிலயே சுத்தி மாட்டுனாரு. அதுக்கப்புறம் நான் கேட்ட ஒரு விஷயம், ஸ்பவுட்ட உடனே மாட்டாம டெஸ்ட் பண்ணலாமான்னு. ஸ்பவுட் இடத்துல அரை இஞ்சு டம்மி அடிச்சோம். இதோட நிறுத்தி ஷவர திறந்து விட்டா லைன்ல முழு அழுத்தம் ஏறாது, தண்ணி மேல வழிஞ்சு போயிடும். அதனால ஷவர் தலைய கழட்டி அங்கயும் ஒரு டம்மி அடிச்சு, பச்சத்தண்ணி திருப்பிய முழுசா திறந்து விட்டு, எல்போ அடியில டிஷ்யூ பேப்பர் வச்சுட்டு ராத்திரி முழுக்க விட்டோம். டைல்ஸ மூடல. ஏப்ரல் 7 காலையில பேப்பர் காஞ்சு கிடந்துச்சு, கீழ் வீட்டு சீலிங்லயும் புது ஈரம் இல்ல.

ஸ்பவுட் வாங்குனதுல ரெண்டு நடை

ஹார்டுவேர் கடைங்க இருக்கிற எஸ்.ஜே.பி ரோட்டுக்கு போய் ரெண்டாவது பிளம்பர் புது ஸ்பவுட் வாங்கிட்டு வந்தாரு, பழச கையில எடுத்துட்டு போகல. மாட்டி பாத்தா சுவத்துக்கும் ஸ்பவுட்டுக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. சில ஸ்பவுட்ல மரை சுவர் பக்கத்து வாயிலயே இருக்கும், சிலதுல உள்ள தள்ளி மூக்கு பக்கம் இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி நிப்பிள் வெளிய நீட்டணும். ரெண்டாவது நடை பழைய ஸ்பவுட்டோட, டைல்ஸ்ல இருந்து நிப்பிள் நுனி வரைக்கும் எவ்வளவுன்னு அளவு எழுதிக்கிட்டு போய், குட்டையான நிப்பிள் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. மரை அரை இஞ்சுன்னு சொன்னா மட்டும் போதாது, நீளமும் சொல்லணும்.

ஏப்ரல் 9 உகாதி, யாரும் வரல. ஏப்ரல் 13 நிப்பிள மாத்தி, அதே டம்மி டெஸ்ட்ட திரும்ப ரெண்டு மணி நேரம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, ஸ்பவுட்ட கையால இறுக்கி கடைசி கால் சுத்துக்கு மட்டும் துணி சுத்துன ரிஞ்ச போட்டாரு. ஒயிட் சிமென்ட் வேணாம்னு சொன்னேன். சிலிகான் மேலயும் ரெண்டு பக்கமும் மட்டும், அடியில திறந்து விட்டோம். நாளைக்கு மரையில கசிஞ்சாலும் தண்ணி டைல்ஸ் மேல வழிஞ்சு நம்ம கண்ணுக்கு தெரியணும், சுவத்துக்குள்ள போய் கீழ் வீட்டு அக்காவுக்கு தெரியக்கூடாது.

செலவு

ஸ்பவுட் 1450, நிப்பிள் டேப் சில்லறை 180, முதல் பையன் 400, ரெண்டாவது பிளம்பர் 1800, டைல்ஸ் வேலை 350, கீழ் வீட்டு பெயின்ட் 1200. மொத்தம் 5380 ரூபா. இதுல ஸ்பவுட்டும் ரெண்டாவது ஆள் கூலியும் ஓனர் மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டாரு. பெயின்டுக்குதான் ரெண்டு நாள் இழுத்தாரு, "பிளம்பர் உடைச்சதுக்கு நான் ஏன்"னு. குமிழ இழுத்து உடைச்சதும் உண்மை, 18 வருஷமா அந்த நிப்பிள யாரும் பாக்காததும் உண்மை, அதனால பாதி பாதின்னு பேசி முடிச்சோம். ஓனர் 4380, இவங்க முதல் பையனுக்கு கொடுத்த 400ம் பெயின்ட்ல 600ம் சேர்த்து 1000. 11 மாச அக்ரிமென்ட்ல சின்ன ரிப்பேர் வாடகைக்காரங்க பொறுப்புன்னு ஒரு வரி இருந்துச்சு, ஆனா எது சின்னதுன்னு எழுதல. புது அக்ரிமென்ட்ல சுவத்துக்குள்ள இருக்கிற பைப் ஓனர் பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டாங்க.

இன்னொரு தடவை வந்தா என்ன மாத்துவேன்

குமிழ் முதல்ல சிக்குனப்பவே ஷவர் தலைய சுத்தம் பண்ணிட்டு ஒரே ஒரு தடவை வினிகர், அது ஒரு வாரம் தாங்கலன்னா நேரா ஸ்பவுட்ட மாத்துற பேச்சு. நடுவுல கட்டிங் பிளேயருக்கு வேலை இல்ல. குமிழ் உடைஞ்சு ஷவர் பக்கமே சிக்கிட்டா வீட்டுல பெரியவங்க, குழந்தைங்க இருந்தா அன்னைக்கே அந்த வெந்நீர் திருப்பிய யாரும் தொடாத மாதிரி ஒரு துணிய சுத்தி கட்டணும், கீசர் சூட்ட இறக்கணும். நாங்க இத ஒரு பயம் வந்த பிறகு செஞ்சோம்.

கழட்டுற நாள்ல ரிஞ்சுக்கு முன்னாடி ஒயிட் சிமென்ட்ட முழுக்க சுரண்டி, மரை பக்கம் துரு எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி விட்டிருப்பேன். அப்பவும் கையால வரலன்னா ஒரு டைல்ஸ தியாகம் பண்ணி எல்போவ வெளிய தெரிய வச்சு, அதை ஒரு ரிஞ்சால பிடிச்சுக்கிட்டுதான் ஸ்பவுட்ட இன்னொரு ரிஞ்சால திருப்பணும். ரெண்டு ரிஞ்சு இல்லாம சுவத்துக்குள்ள இருக்கிற மரைய திருப்பக்கூடாதுன்னு ஃபேக்டரியில எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன், ஆனா பாத்ரூம்ல நிக்கும்போது அது ஞாபகத்துக்கே வரல. வேலைய சனிக்கிழமை சாயங்காலம் வைக்க மாட்டேன், கடை மூடி ஆளு கிடைக்காத நேரத்துல உடைஞ்சா அவஸ்தைதான். கீழ் வீட்டுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி சீலிங்க போட்டோ எடுத்து வச்சிருப்பேன், ஏன்னா அந்த ஈரத்துல எவ்வளவு பழசு எவ்வளவு புதுசுன்னு பின்னாடி பெயின்ட் பேச்சுல யாராலயும் சொல்ல முடியல.

அதுக்கப்புறம்

இப்ப அந்த அம்மா வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சு குளிக்கிற அன்னைக்கு, குமிழ பத்து தடவை மேல கீழ ஆட்டி விடுறாங்க. மாசம் ஒரு தடவை ஷவர் தலை சிட்ரிக் ஆசிட்ல. 2024 அக்டோபர்ல காவேரி குடிநீர் திட்டத்தோட அஞ்சாவது கட்டம் தொடங்குன பிறகு எங்க தெருவுக்கு தண்ணி கொஞ்சம் கூடுதலா வருது, டேங்கர் குறைஞ்சுது, சம்ப் தண்ணியோட கடினத்தன்மையும் இறங்கியிருக்கு, ஆனா உப்பு படியிறது நின்னு போகல.

2025 ஜனவரியில போயிருந்தப்ப திரும்ப மக் வச்சு அளந்தேன். குமிழ தூக்குனதும் தட்டு சட்டுன்னு உக்காருது, டேப்ப மூடுனதும் டொக்குன்னு விழுது. ஸ்பவுட்ல சொட்டு சொட்டா 1 லிட்டர் ரொம்ப ஆறு நிமிஷம் ஆச்சு, புதுசா மாட்டுன அன்னைக்கு ஒம்பது நிமிஷம் ஆச்சு. கீழ் வீட்டு சீலிங்ல பெயின்ட் அடிச்ச இடம் மட்டும் இன்னும் ஒரு நிறம் தூக்கலா தெரியுது.